ஆரஞ்சு விளக்கு

அக்டோபர் 6, திங்கள்

இம்தியாஸ் பாய் சொன்னதால் இந்த நோட்டு. அவர் வாணியம்பாடியில் கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருக்கிறவர். என் மகன் தயாளனுக்குச் சிநேகிதர். போனில் சொன்னார்: "ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும், பெரியவரே. மாத்துனதை எழுதி வைங்க. தேதி, என்ன மாத்துனீங்க, என்ன ஆச்சு. அப்பத்தான் கோளாறு எங்கன்னு பிடிக்க முடியும்."

எனக்கு எழுத்து தெரியாது. எண் தெரியும். முப்பத்து நாலு வருஷம் ஜோலார்பேட்டை யார்டில் ரயில் சக்கரம் தட்டிப் பார்த்தவன் நான். கோச் நம்பர் தெரியாமல் அந்த வேலை நடக்காது. அதனால் நான் சொல்கிறேன், மருமகள் சுகந்தி எழுதுகிறாள்.

"நான் சொல்றதை அப்படியே எழுதணும். உன் இஷ்டத்துக்குத் திருத்தக் கூடாது" என்றேன்.

"அப்ப நீங்க என்னைத் திட்டினா அதையும் எழுதுவேன் மாமா" என்றாள்.

எழுதட்டும்.

விஷயம் இதுதான். தயாளன் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுக்கிற வேலை செய்தான். அதற்காக அவனே சாமான் வாங்கிப் பூட்டின கம்ப்யூட்டர். வேகம் போதவில்லை என்று புதிதாக ரெண்டு மெமரி வாங்கினான். விரல் நீளம், சீப்பு மாதிரி தட்டையாக இருக்கும். அதைச் சொருகிச் சாதாரண வேகத்தில், அதாவது 4800இல் விட்டால், கம்ப்யூட்டர் எழுந்துகொள்கிறது. உள்ளே போய் 6000 என்று மாற்றினால் எழுந்திருக்கவில்லை. திரை கறுப்பாகவே இருக்கிறது. பெட்டிக்குள்ளே பலகையில் ஒரு ஆரஞ்சு விளக்கு மட்டும் எரிகிறது. கோளாறு மெமரி பக்கம் என்றால் அந்த விளக்குதான் எரியுமாம்.

இன்றைக்கு 6000 வைத்தோம். வரவில்லை.

மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன். ரசம் ரெண்டு தரம் வாங்கிக்கொண்டேன்.


அக்டோபர் 7, செவ்வாய்

சுகந்தி கேட்கிறாள்: "4800லயே வேலை நடக்குது மாமா. இது எதுக்கு இப்போ?"

"அவன் வாங்கினது 6000" என்றேன்.

"அவரே இல்லை."

இதையும் எழுதியிருக்கிறாள். எழுதட்டும்.

அந்த மெமரி கெட்டதா, நல்லதா, எனக்குத் தெரிந்தாக வேண்டும். கெட்டதுதான் என்று நினைக்கிறேன். கெட்டது என்றால் கடையில் மாற்றித் தருவார்கள். அவனும் அதற்காகத்தானே போனான்.

ஆகஸ்ட் 21, வியாழக்கிழமை. காலையில் இந்த மெமரியைப் போட்டான், 6000 வைத்தான், எழுந்திருக்கவில்லை. கழற்றி அதன் பெட்டியில் போட்டு, தோள் பையில் வைத்து, பைக்கை எடுத்தான். "இன்னைக்கே மாத்திட்டு வந்துடறேன்" என்றான். வாணியம்பாடி போய்ச் சேரவில்லை. பாலத்துக்கு முன்னால் லாரி. மணி பத்தே முக்கால் இருக்கும் என்றார்கள்.

பன்னிரண்டு நாள் கழித்துப் போலீஸ் ஸ்டேஷனில் கூப்பிட்டுப் பொருளைக் கொடுத்தார்கள். ஹெல்மெட், உடைந்த போன், ஒரு செருப்பு, இந்தப் பெட்டி. ரேகை வைத்து வாங்கினேன். பெட்டியில் ஒரு மூலை மட்டும் நசுங்கியிருக்கிறது. உள்ளே ரெண்டும் கீறல் இல்லாமல் இருந்தன. அதில் ஒன்றுக்காவது அடிபட்டிருக்கக் கூடாதா என்று தோன்றியது.

இன்றைக்குச் சோதனை எதுவும் இல்லை.


அக்டோபர் 9, வியாழன்

கரண்ட் இல்லை. மழை.


அக்டோபர் 12, ஞாயிறு

பாய் சொன்னபடி ஒரு மெமரியைக் கழற்றிவிட்டு ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தோம். சுகந்தி சொருகிக் கொடுத்தாள், 6000 வைத்தாள், பருப்பு தீய்கிறது என்று அடுப்படிக்கு ஓடினாள். "நீங்க கேட்டுக்கிட்டிருங்க மாமா. உங்க காதுக்குத் தெரியாததா?"

என் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். வண்டி வந்து நின்றதும் நீளக் காம்புச் சுத்தியலோடு இறங்குவோம். இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு தட்டு. நல்ல சக்கரம் மணி மாதிரி நீளமாகப் பேசும். விரிசல் விட்டது மூக்கடைத்தவன் மாதிரி பேசும். அவ்வளவுதான் வித்தியாசம். சந்தேகம் வந்தால் சிவப்பு காட்டிவிடு, வண்டி லேட்டானால் ஆகட்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்த மஸ்தான் மேஸ்திரி சொல்லுவார்.

87ஆம் வருஷம் ஜனவரியில் ஒரு கூட்ஸ். முன்னாலிருந்து எண்ணி இருபத்து ஏழாவது வேகன், இடது கைப் பக்கம் ரெண்டாவது சக்கரம். சத்தம் சரியில்லை. சிவப்பு காட்டினேன். எங்கள் மேலதிகாரி ஐயா வந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லையே முனிரத்தினம்" என்றார். "இன்னொரு தடவை பாருங்க" என்றேன். கழற்றிப் பார்த்தால் உள்ளே மயிரிழை போல விரிசல். அதற்காகக் கொடுத்ததுதான் இந்தக் கூடத்தில் மாட்டியிருக்கிற சுவர்க் கடிகாரம். இன்னும் ஓடுகிறது. நான் சிவப்பு காட்டி நிறுத்தினது எதுவும் வீண் போனதில்லை.

கம்ப்யூட்டருக்கு வருகிறேன். சுவிட்ச் போட்டதும் காற்றாடி வேகமாகச் சுற்றும். பிறகு மூச்சு விட்டது போல அடங்கும். மறுபடி எழும், மறுபடி அடங்கும். மூன்று தடவை அப்படி ஆனால் அது நல்ல சத்தம் இல்லை. இன்றைக்கும் அதே. ஸ்டேஷன் சத்தமெல்லாம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். நடு மத்தியானத்துப் பெங்களூர் வண்டி ஸ்டேஷனில் வந்து நின்றபோது சுவிட்ச் போட்டேன். அது ஊதிக்கொண்டு கிளம்பினபோது அணைத்தேன்.

"எவ்வளவு நேரம் பாத்தீங்க?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"பத்து நிமிஷம் ஆச்சும்மா. வரலை."

அதையே எழுதச் சொன்னேன். பத்து நிமிஷம், வரவில்லை.


அக்டோபர் 14, செவ்வாய்

இன்னொரு மெமரியை மட்டும் வைத்துப் பார்த்தோம். அதுவும் வரவில்லை. காசு மாதிரி ஒரு பேட்டரி உள்ளே இருக்கிறது. அதைக் கழற்றி மாட்டினால் எல்லாம் மறந்து 4800க்கே திரும்பிவிடுகிறது. அப்படித்தான் ஒவ்வொரு தடவையும் மீட்டெடுக்கிறோம்.

பாய் போனில்: "நல்லா வெயிட் பண்ணிப் பாத்தீங்களா பெரியவரே?"

"நெறைய நேரம் பாத்தேன் பாய்."

"ரயில்வேக்காரர் நீங்க, உங்களுக்கா காத்திருக்கச் சொல்லித் தரணும்! ஊரையே காக்க வெச்சவங்களாச்சே."

சுகந்தி சிரித்துவிட்டாள். ஆகஸ்டுக்குப் பிறகு அவள் சிரித்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன். நான் இல்லாமல் இருந்தால் இன்னும் கொஞ்சம் சிரித்திருப்பாள். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

பாய்க்கும் குழப்பம்தான். ரெண்டும் சேர்ந்தாற்போலக் கெட்டுப்போவது அபூர்வம் என்கிறார். அபூர்வம் என்றால் நடக்காது என்று அர்த்தமா?


அக்டோபர் 17, வெள்ளி

நாட்றம்பள்ளியிலிருந்து மறுபடி போன். தயாளன் பாதியில் விட்டுப்போன கல்யாண வீடியோ. பெண்ணின் அப்பா தன்மையான மனுஷர், துக்க வீடு என்று ரெண்டு மாசம் பொறுத்திருந்தார். இப்போது பெண் துபாய் போகிறாளாம். "மெதுவா முடிம்மா, ஆனா முடிச்சுடு" என்றாராம்.

சுகந்திதான் செய்கிறாள். அவன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நாலு வருஷம் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. "ஒரு காட்சியை நகர்த்தினா மூணு தடவை யோசிக்குது மாமா" என்கிறாள். 4800 போதும் என்று சொன்னவள்தான்.

தாலி கட்டுகிற இடம் வரைக்கும் அவன் முடித்திருக்கிறான். அதற்கு அப்புறம் இவள். எங்கே அவன் விட்டான், எங்கே இவள் தொட்டாள் என்று பார்க்கிறவனுக்குத் தெரியக் கூடாதாம். அதற்காக ஒரே இடத்தை நாற்பது தரம் போட்டுப் பார்க்கிறாள். அந்த நாதஸ்வரம் எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.


அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எங்களுக்கு இந்த வருஷம் கிடையாது. எதிர் வீட்டு ஷகிலா எட்டி நின்று அதிரசத் தட்டை நீட்டினாள், கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல். சுகந்தி வாங்கிக்கொண்டாள்.

வெடிச் சத்தம் கேட்டதும் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நினைவு வந்தது. ஐப்பசி மழை, இடி. தயாளன் வெளியே போயிருந்தான். கம்ப்யூட்டர் தானாக ஓடிக்கொண்டிருந்தது. இடி இறங்கினால் எல்லாம் போய்விடுமே என்று நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். ரெண்டு நாள் வேலை அதில் போய்விட்டது. வந்து பார்த்துவிட்டுக் கத்தினான் பாருங்கள்! "உனக்கு எதைக் கண்டாலும் நிறுத்தணுமா நைனா? இது என்ன கூட்ஸ் வண்டியா?" எட்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள் சவரம் செய்துகொள்ளப் பிளேடு கேட்டான். அப்படித்தான் சமாதானம் ஆனது.

அம்மா இல்லாத பிள்ளை. அவன் எட்டு நாள் பேசாவிட்டால் இந்த வீட்டில் எனக்கு யார்? அதை ஏன் இங்கே சொல்கிறேன் என்று தெரியவில்லை. சுகந்தி எழுதிவிட்டாள், இருக்கட்டும்.


அக்டோபர் 23, வியாழன்

மெமரியை வேறு துளைகளில் மாற்றிச் சொருகினோம். வரவில்லை. 6000 வேண்டாம், 5600 வையுங்கள் என்றார் பாய். அதுவும் வரவில்லை.

"5600க்கும் வரலை. ரெண்டும் கெட்டதுதான்" என்றேன்.

சுகந்தி பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "என்னமோ சந்தோஷமா சொல்றீங்களே மாமா."

சந்தோஷம் என்ன சந்தோஷம்? கெட்ட சாமானைக் கெட்டது என்று கண்டுபிடித்தால் மனசு லேசாகும், அவ்வளவுதான். அவன் சொன்னது சரி. கெட்ட சாமானை மாற்றத்தான் போனான். போக வேண்டிய வேலையாகத்தான் போனான்.


அக்டோபர் 28, செவ்வாய்

"கடைக்கு அனுப்பிடலாம் மாமா. பாய் அவர் மிஷின்ல போட்டுப் பாத்து ஒரே நாள்ல சொல்லிடுவார்" என்றாள்.

வேண்டாம் என்றேன்.

"ஏன்?"

"அந்தப் பெட்டி அந்த ரோட்டுல மறுபடி போகக் கூடாது."

கொஞ்ச நேரம் கழித்து வந்து என் துண்டை மடித்து வைத்துவிட்டுப் போனாள். நான் சொன்னதற்கு அவள் வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்ட அர்த்தமும் பொய் இல்லை.


நவம்பர் 3, திங்கள்

நவம்பர் பிறந்தால் பென்ஷன்காரர்கள் எல்லோரும் பேங்குக்குப் போய், உயிரோடுதான் இருக்கிறோம் என்று ரேகை வைக்க வேண்டும். காலையிலேயே போனேன். என் விரல் தேய்ந்து போயிருக்கிறது, மிஷின் எடுக்கவில்லை. கட்டை விரல், ஆள்காட்டி விரல், எல்லாம் பார்த்தார்கள். "கையைத் துடைச்சுட்டு வைங்க பெரியவரே." "நல்லா அழுத்துங்க." எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்த துரைக்கண்ணு, "டேய் முனிரத்தினம், நீ செத்துப் பல நாளாச்சு போலிருக்குடா, கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றான். சிரிக்கிற மாதிரி சிரித்தேன். கடைசியில் இடது கை நடுவிரலை ஒத்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்தால் சுகந்தி வாசலிலேயே நிற்கிறாள். கையெல்லாம் சோப்பு நுரை.

"மாமா, வந்துடுச்சு! 6000ல வந்துடுச்சு!"

உள்ளே போய்ப் பார்த்தேன். திரையில் 6000 என்று போட்டிருக்கிறது. எனக்கு எண் தெரியும்.

"நான் ஒண்ணுமே பண்ணலை மாமா. போற போக்குல போட்டுப் பாப்போம்னு போட்டுட்டுத் துணி துவைக்கப் போனேன். மறந்தே போச்சு. வந்து பாத்தா நிக்குது."

பாய்க்குப் போன் போட்டாள். அவர் சொன்னதைச் சத்தமாக வைத்துக் கேட்க வைத்தாள். "அட, அதானா! புது மெமரிக்கு வேகம் ஏத்தினா முதல் தடவை மிஷின் உள்ளுக்குள்ள ஒவ்வொண்ணா பழகிப் பாக்கும்மா. திரை கறுப்பாத்தான் இருக்கும், ஆரஞ்சு எரியும், காத்தாடி நின்னு நின்னு ஓடும். பத்து நிமிஷம் ஆகும், கால் மணிகூட ஆகும். நடுவுல அணைச்சா மறுபடி முதல்லேருந்துதான். நீங்கதான் ரொம்ப நேரம் பாத்தோம்னீங்களேன்னு நான் அதை யோசிக்கவே இல்லை. மெமரி தங்கமான மெமரி. தயாளன் பாத்து வாங்கினதாச்சே."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. பேட்டரியைக் கழற்றி மாட்டி, எல்லாவற்றையும் மறக்க வைத்து, மறுபடி 6000 வைத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். பதினோரு நிமிஷம். வந்துவிட்டது.

எழுது. 6000. வந்தது.

எனக்குப் பசி இல்லை.


நவம்பர் 4, செவ்வாய்

சொல்ல ஒன்றும் இல்லை.


நவம்பர் 5, புதன்

மத்தியானம் சுகந்தி இந்த நோட்டை முதலிலிருந்து எனக்குப் படித்துக் காட்டினாள். அக்டோபர் 12 வந்ததும் நிறுத்தினாள். அதையே ரெண்டு தடவை படித்தாள். பெங்களூர் வண்டி வந்து நின்றபோது போட்டேன், கிளம்பினபோது அணைத்தேன்.

"கல்யாணத்துக்கு முன்னாடி பெங்களூர்ல வேலை பாத்த ரெண்டு வருஷமும் ஊருக்கு வந்துட்டுத் திரும்பினா அந்த வண்டியிலதான் மாமா போவேன். இங்க ரெண்டு நிமிஷந்தான் நிக்கும்."

நான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

"பத்து நிமிஷம்னு எழுதச் சொன்னீங்க."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"எல்லாத் தடவையுமா?"

"எழுதிக்கிட்டே கேளு. பேனாவை நிறுத்தாதே. நிறுத்தினா என்னால சொல்ல முடியாது" என்றேன். அவள் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 21. நீ தோசை ஊற்றிக்கொண்டிருந்தாய். அவன் மெமரியைப் போட்டு, 6000 வைத்து, சுவிட்சைத் தட்டினான். திரை கறுப்பு, ஆரஞ்சு விளக்கு. "இது கொஞ்ச நேரம் எடுக்கும் நைனா. அரை மணி ஆனாலும் ஆகட்டும், ஓடட்டும். கை வெக்காத" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான். தோளில் பச்சைத் துண்டு. குளியலறையில் விசில் அடித்தான்.

நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காற்றாடி எழுந்தது, அடங்கியது. எழுந்தது, அடங்கியது. மூன்றாம் தடவை அடங்கினபோது என் கை சுவிட்சுக்குப் போனது. அது நல்ல சத்தம் இல்லை. ஏதோ உள்ளே கருகப் போகிறது, அவ்வளவு விலை கொடுத்து வாங்கினது போய்விடும் என்று தோன்றியது. கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு நிமிஷம் ஆகியிருந்தது. அணைத்தேன்.

ஆரஞ்சு என்றால் நிறுத்து என்று இல்லை. எனக்குத் தெரியும். சிக்னலில் மஞ்சள் விழுந்தால் எந்த டிரைவரும் வண்டியை அங்கேயே நிறுத்த மாட்டான். பார்த்து, மெல்லப் போய்க்கொண்டே இருப்பான். முப்பத்து நாலு வருஷம் அதன் கீழே நின்றவன் நான்.

அணைத்த பிறகுதான் பழைய ஐப்பசி நினைவு வந்தது. எட்டு நாள் பேசாமல் இருந்தானே, அது. மறுபடி போட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். போடவில்லை. பயம். குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் சட்டென்று சுவிட்சைப் போட்டேன்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். கறுப்புத் திரையைப் பார்த்தான். "இவ்வளவு நேரமாவா வரலை?" என்றான். "ஆமாண்டா, வரலை" என்றேன். "கை வெச்சியா நைனா?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. சும்மாதான் கேட்டான்.

"இல்லையே" என்றேன்.

என்னை நம்பினான். "அப்ப இந்த மெமரியே சரியில்லை" என்றான். தோசை சாப்பிட உட்கார்ந்தான். ரெண்டு தின்றான். மூன்றாவதை நீ போட்டாய், பாதியில் எழுந்துவிட்டான். நாட்றம்பள்ளிக்கு வேலை முடித்துக் கொடுக்க வேண்டும், கடை திறந்ததும் மாற்றிவிட வேண்டும் என்றான். "சாயந்திரம் போங்களேன்" என்று நீ சொன்னாய். நான் சொல்லவில்லை. பைக் கிளம்புகிற வரைக்கும் எனக்கு நேரம் இருந்தது. டேய், நான்தான் அணைச்சேன், இன்னொரு தடவை போட்டுப் பாருடா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? திட்டியிருப்பான். எட்டு நாள் பேசாமல் இருந்திருப்பான். இருந்திருப்பான்.

சுகந்தி கேட்கிறாள்: "அப்ப இந்த ஒரு மாசமா ஏன் மாமா அணைச்சீங்க? தெரிஞ்சேவா?"

தெரிந்து பாதி, தெரியாமல் பாதி. அது கெட்டதாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கெட்டதாக இருந்தால் அவன் போனது நியாயம், நான் அணைத்ததால் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தடவை வராதபோதும் ஒரு வேளைச் சோறு உள்ளே இறங்கியது. அதனால் ஒவ்வொரு தடவையும் நீ அடுப்படிக்குப் போனதும், வருவதற்கு முன்னாலேயே அணைத்துவிட்டேன். 87இல் நான் நிறுத்தின சக்கரத்தில் விரிசல் இருந்தது. அதேபோல இதிலும் ஒன்று இருக்கக் கூடாதா?

இல்லை. தங்கமான மெமரி என்றார் பாய்.

பேனா நின்றுவிட்டது. எழுதும்மா.

எழுது.


நவம்பர் 6, வியாழன்

மாமா இன்று ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நேற்று அவர் கடைசியில் சொன்ன இரண்டு வரிகளை இன்று காலையில்தான் எழுதி முடித்தேன். சுகந்தி.


நவம்பர் 8, சனி

இதுவும் நானே எழுதுவது.

நாட்றம்பள்ளி வீடியோவை நேற்று முடித்தேன். 6000இல் தண்ணீர் மாதிரி ஓடியது. அவர் விட்ட இடமும் நான் தொட்ட இடமும் எனக்கே இப்போது தெரியவில்லை. முழுப் படத்தையும் ஒன்றாகச் சேர்த்து வெளியே எடுக்கக் காலையில் போட்டிருக்கிறேன். மூன்று மணி நேரம் ஆகும். திரையின் கீழே எத்தனை சதவீதம் என்று எண் ஓடுகிறது.

திருவண்ணாமலையிலிருந்து அண்ணன் வந்திருக்கிறான், அம்மா வீட்டுக்கு அழைத்துப் போக. மாமாவிடம் கோபித்துக்கொண்டு போகிறேன் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. கோபம் இல்லை என்று எழுதவும் கை வரவில்லை. "இல்லையே" என்று அவர் சொன்னது அடுப்படியில் எனக்கும் கேட்டது. அன்றைக்கு அது ஒரு சாதாரண வார்த்தை.

கிளம்புகிறபோது கம்ப்யூட்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"இதை அணைச்சுட்டுப் போறியாம்மா?"

"ஓடட்டும் மாமா. கை வைக்காதீங்க. நானே வந்து எடுத்துக்கறேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றோம். எப்போது வருவாய் என்று அவர் கேட்கவில்லை. "நூறு ஆனா முடிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். "எழுதி வைக்கட்டுமா?" என்றார்.

பேனாவை அவர் கையில் கொடுத்திருக்கிறேன். தேதியை எப்படிப் போடுவது என்று அவருக்குத் தெரியும். சோறு, மாத்திரை எல்லாம் ஷகிலா அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். இனிமேல் இந்த நோட்டில் இருப்பது அவர் கையெழுத்து.


8.11

7

19

46

88

100


9.11

100


10.11

100


11.11

100


12.11

100